முதல் டம்ளர்

விருந்தாளி வந்தால்கூட அந்தக் குடியிருப்பில் அவ்வளவு அமர்க்களம் நடக்காது. பாட்டில் அக்கா வருகிறாள் என்றால் நடக்கும்.

நூல் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்காக இரண்டு வரிசையாகக் கட்டிய ஐம்பத்து மூன்று வீடுகள் அவை. கீழ் வரிசை முதலில் வந்தது. மேல் வரிசை முப்பது வருடம் கழித்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல், தொப்பியைக் கழற்ற மறந்து நின்றபடியே தூங்கிப்போன காவலாளி மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் காலடியில் ஒற்றை ஜன்னல் வைத்த அறைதான் தண்ணீர் ஆபீஸ். அங்கே ஆபீசர், கிளார்க், பியூன் எல்லாம் ஒரே ஆள்தான்.

அவள் வேலைக்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆனால் சைக்கிளின் பின்னால் கம்பிக் கூடையில் காலி பாட்டில்கள் கிணுகிணுக்கப் பதினைந்து வருடமாகப் போய் வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? எல்லோருக்கும் அவள் பாட்டில் அக்கா. அவளைவிட முப்பது வயது மூத்த கணக்கு டீச்சருக்கும் அக்காதான்.

தண்ணீரில் அழுக்கு உண்டா, மருந்து சரியாகக் கலந்திருக்கிறதா என்பதை அவளே தன் அறையில் தினமும் பார்த்துவிடுவாள். காரீயம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வீட்டுத் தண்ணீர் போதும். முந்தின நாள் சாயங்காலம் வாசலில் ஒரு லிட்டர் பாட்டிலை வைப்பாள். ஒரே வசனத்தைச் சொல்வாள்.

"ராத்திரி மூடின குழாயைக் காலையில யாரும் தொடக் கூடாது. கண்ணு முழிச்சதும் வர்ற முதல் தண்ணி, நேரா இந்த பாட்டிலுக்குள்ள. பல் தேய்க்கிறதுகூட அதுக்கப்புறம்தான். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று வீட்டுக்கு வீடு தலை ஆடும். மறுநாள் எட்டு மணிக்கு அவள் போகும்போது பாட்டில்கள் தயாராக இருக்கும். சும்மா இல்லை. மடித்த துணியின் மேல், துடைத்துப் பளபளவென்று. ஒரு வீட்டில் மூடிக்குக் கம்பளி நூலில் குல்லாய் பின்னிப் போட்டிருப்பார்கள். இன்னொரு வீட்டில் பாட்டிலுக்குப் பக்கத்தில் டீயும் இருக்கும். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பனி விலகின காலை மாதிரி இருக்கும் தண்ணீர். அறிக்கையிலும் அப்படியே வரும்: காரீயம் இல்லை. ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நற்சான்று தொங்கியது. அவள் தினமும் அதன் தூசியைத் தட்டினாள். தலைமுடியைச் சரிசெய்துகொள்ளவும் அந்தக் கண்ணாடிதான்.

அப்படி ஒரு பாட்டில் நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் அவளுடைய தங்கை மேடேறி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

தங்கைக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகிக் கீழ் வரிசையில் நாலாவது வீட்டில் இருக்கிறாள். இன்னும் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாப்பாவுக்கு இப்போது ஐந்தாவது மாதம். 'பாப்பாவுக்கே பாப்பா' என்ற நகைச்சுவையை அவள் இதுவரை நாற்பது பேரிடமாவது கேட்டிருப்பாள்.

"மேடு ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீ மேட்டு மேல ஆபீஸ் வெச்சா நான் என்ன பண்றது? சரி, கத்தாதே. இதைப் படி."

ஆஸ்பத்திரிச் சீட்டு. இந்த வருடத்திலிருந்து கர்ப்பிணிகளுக்குப் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். சீட்டின் நடுவில் ஒன்பது என்று எழுதிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. அதற்கு எதிரே அவள் பதினைந்து வருடமாக 'இல்லை' என்று மட்டுமே படித்துப் பழகிய சொல்: காரீயம்.

ரத்தத்தில் அது ஐந்தைத் தாண்டினால் எங்கிருந்து வருகிறதென்று தேட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அது தாயின் ரத்தத்தோடு நின்றுவிடாது என்பதும் தெரியும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் தேடிப் போகும்.

"நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"

"பயப்பட வேணாம், இப்பவே கண்டுபிடிச்சா போதும்னாங்க. வீட்ல பழைய பெயிண்ட் உரியுதா, என்ன மை போடுற, எந்தப் பாத்திரத்துல சமைக்கிற, எல்லாம் கேட்டாங்க. கடைசியில தண்ணி எப்படின்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க அக்காவே டெஸ்ட் பண்ற தண்ணிங்க, உங்க ஆஸ்பத்திரித் தண்ணியைவிட சுத்தம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. பழைய அறிக்கைகளைப் புரட்டினாள். நாலாம் எண் வீடு: இல்லை. அதற்கு முந்தின தடவையும் இல்லை.

"தண்ணி நல்லாத்தான்டி இருக்கு. தினம் எவ்வளவு குடிக்கிற?"

"நீ வாங்கிக் குடுத்தியே ஒரு அண்டா, அதுல."

மூன்றாவது மாதம் அக்கா ஆசையாக வாங்கிக் கொடுத்த அரை லிட்டர் எவர்சில்வர் டம்ளர் அது. 'எழுந்ததும் முதல் வேலையா இதுல ஒண்ணு நெறைய குடிக்கணும். நம்ம தண்ணிக்கு ஈடு எதுவும் கிடையாது' என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். பாப்பா மற்ற விஷயங்களில் அக்கா பேச்சைக் காதில் போட்டுக்கொள்கிறவள் அல்ல. இதில் மட்டும் ஒருநாள்கூடத் தவறவில்லை.

அன்று அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விடிந்தும் விடியாததுமாகச் சைக்கிளை எடுத்தாள். நாலாம் எண் வீட்டுக்கும் இந்த முறை பாட்டில் வைத்திருந்தாள். பாப்பா எழுந்திருக்கும்போது பக்கத்திலேயே நின்று, பெயிண்டையும் மையையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று எண்ணம்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

பாப்பா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாடிக்கொண்டே வேலை செய்தாள். இரண்டு வாளி நிரம்பி ஓரமாக நின்றது. மூன்றாவது நிரம்பிக்கொண்டிருந்தது. குழாயின் வாயை எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவினாள். ஒரு சொட்டைக் கையில் பிடித்து நக்கிப் பார்த்தாள். திருப்தி இல்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓட விட்டாள். பிறகுதான், ஏதோ பச்சைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி, பாட்டிலை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள்.

"என்னடி பண்ற?"

பாப்பா திடுக்கிட்டுத் திரும்பினாள். பாட்டில் கை தவறி வாளிக்குள் விழுந்தது.

"கடவுளே! பிள்ளைத்தாச்சியை இப்படியா பயமுறுத்துவ? எட்டு மணிக்குத்தானே வருவ நீ!"

"குழாயைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதுக்காக? நைட்டெல்லாம் குழாய்க்குள்ள கெடந்த தண்ணியையா உனக்குக் குடுப்பேன்? வேத்து ஆளுங்களுக்குக்கூட யாரும் குடுக்க மாட்டாங்க. நாலு வாளி போனாத்தான் புதுத் தண்ணி ஜில்லுனு வரும்."

"தினமும் இப்படித்தான் ஓட விட்டுக் குடிக்கிறியா?"

"தினமுமா? எனக்கு எதுக்கு? எழுந்தோமா, திறந்தோமா, குடிச்சோமான்னு போயிடும். இது உனக்காகத்தான்."

மேடைமேல் அந்த அரை லிட்டர் டம்ளர் ஈரமாக இருந்தது. குடித்து முடித்திருந்தாள். முதல் தண்ணீரை.

அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டிலும் குழாய் ஓடியது. அதற்கடுத்த வீட்டிலும். அன்று பாட்டில் வைத்த அத்தனை வீட்டிலிருந்தும், எங்கோ தூரத்தில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி, தண்ணீர் விழும் சத்தம் விடிகிற தெருவில் கேட்டது. பதினைந்து வருடமாக எட்டு மணிக்கே வந்து பழகியவளுக்கு இந்த மழை தெரியாமலே போயிருந்தது.

எழுந்துபோய் ஆறாம் எண் கதவைத் தட்டினாள். கணக்கு டீச்சர் திறந்தார். அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், அது என்ன?"

"உனக்குத்தான். ஓட விட்டுப் பிடிச்சு, கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டி ஊத்துவேன்." டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "பதினஞ்சு வருஷமா என் வீடு ஒரு தடவை ஃபெயில் ஆகியிருக்கா?"

"டீச்சர், இது உங்க வீட்டுக்கு வைக்கிற பரீட்சை இல்ல. குழாய்க்கு வைக்கிற பரீட்சை."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. பரீட்சைக்குப் போற பிள்ளையைத் தலை வாராமலா அனுப்புவாங்க?"

அவள் தெருவுக்குத் திரும்பினாள். டீச்சர் மேல் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டம். துடைத்த பாட்டில்கள், மடித்த துணி, கம்பளிக் குல்லாய் எல்லாம் அவள் கண்முன்னால்தான் இருந்தன. இவ்வளவு சிங்காரித்த பாட்டிலில் தூக்கக் கலக்கத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. அந்த அன்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த டீயும் பிடித்திருந்தது.

அன்றைக்கு எடுத்த பாட்டில்கள் அத்தனையையும் ஆபீஸ் பின்னாலிருந்த செடிக்கு ஊற்றினாள். சுவரிலிருந்த நற்சான்றைக் கழற்றி மேஜை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் எல்லோரையும் தொட்டிக்குக் கீழே வரச் சொன்னாள்.

வந்தார்கள். பாதிப் பேர் சிரித்த முகத்தோடுதான் வந்தார்கள், ஏதோ பாராட்டு விழா என்று நினைத்து. அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல முகங்கள் சுருங்கின. தொட்டித் தண்ணீரில் குற்றமில்லை. தெருவுக்கடியில் ஏதாவது பழைய காரீயக் குழாய் கிடந்தால், ராத்திரி முழுக்க அதற்குள் அசையாமல் கிடக்கிற தண்ணீரில் காரீயம் கரையும். நிறமோ மணமோ ருசியோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. குழாயை ஓட விட்டால் அந்தத் தண்ணீர் வெளியே போய்விடும். பாட்டிலில் வருவது புதுத் தண்ணீர்.

"அதாவது, இத்தனை வருஷமா நல்ல தண்ணி எனக்கு வந்துச்சு. கெட்டது உங்க வயித்துக்குப் போயிருக்கலாம்."

குழாய்க்காரர்தான் முதலில் குதித்தார். தெருவுக்குள் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பதை ரேகை மாதிரி அறிந்தவர்.

"என் குழாயைக் குத்தம் சொல்றியா? கீழ் வரிசைக் குழாய் சாகாவரம் வாங்கின குழாய்! இன்னிவரைக்கும் ஒரு துரு, ஒரு ஓட்டை உண்டா?"

"இரும்பா இருந்தா துரு பிடிச்சிருக்கும். பிடிக்காததுதான் எனக்குப் பயமா இருக்கு, அண்ணே."

"நீ எழுதுறதை எழுதிக்கோ. என் வீட்டுத் தண்ணி கெட்டதுன்னு எழுதுறதுக்கு நானே பாட்டில் நிரப்பித் தர மாட்டேன்." சுற்றியிருந்தவர்களில் பலர் அவர் பக்கம் தலையாட்டினார்கள்.

மாப்பிள்ளை, பாப்பாவின் கணவன், பஸ் டிரைவர். பஸ்ஸில் ஐம்பது பேரைச் சத்தம் போட்டு உள்ளே தள்ளுகிறவன், இங்கே மூச்சு விடாமல் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றான். பாப்பா அவன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை உருவினாள். இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"நான் இதை யார்கிட்டயும் காட்ட வேணாம்னுதான் இருந்தேன்," என்றாள். "ஒன்பது. இது என் ரத்தம். எனக்குள்ள இருக்கறதுக்கும் இதுதான் ரத்தம். எங்க வீட்ல பெயிண்ட் உரியல. நான் மை போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அக்கா மாதிரி எனக்குப் பேசத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "அவ எப்ப வந்தாலும் நல்லதையே எடுத்துக் குடுத்தோம். நம்மகிட்ட இருக்கறது என்னன்னு அவளுக்குத் தெரியாமலே போச்சு."

கணக்கு டீச்சர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நிமிடத்தில்தான் பாட்டில் அக்காவுக்கு அது தோன்றியது. பதினைந்து வருடமாகத் தப்பான வாக்கியத்தைச் சொல்லி வந்திருக்கிறாள். பாட்டிலை வைத்துவிட்டு 'எனக்குக் குடுங்க' என்று கேட்டால் இவர்கள் இருப்பதிலேயே நல்லதைத்தான் கொடுப்பார்கள். இவர்கள் சுபாவம் அது. சட்டம் பேசி அதை மாற்ற முடியாது.

"எனக்குன்னு எதுவும் வேணாம்," என்றாள். "நாளைக்குக் காலையில நீங்க எழுந்திருப்பீங்க. தூக்கக் கலக்கத்தோட டம்ளரை எடுத்துட்டுக் குழாயைத் திறப்பீங்க இல்லையா? அந்த டம்ளருக்குப் பதிலா பாட்டிலை நீட்டுங்க. அவ்வளவுதான். நீங்க குடிக்கிறதை நான் பார்க்கணும். டீ வைக்க வேணாம். தொடைக்க வேணாம். நான் விருந்தாளி இல்ல. நீங்க குடிக்கிறதைக் கேட்டு வாங்குற உங்க வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சுக்கோங்க."

கணக்கு டீச்சர் எழுந்தார். "எனக்கு ஒரு பாட்டில் குடு," என்றார். "தலை வாராமலே அனுப்புறேன்."

அதற்குப் பிறகு கூடை காலியாக அதிக நேரம் ஆகவில்லை. குழாய்க்காரர் மட்டும் பாட்டிலை வாங்காமலே போனார். ஆனால் மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில், ஒரு பழைய எண்ணெய் பாட்டிலில், மூடிகூடச் சரியாகப் பொருந்தாமல், தண்ணீர் நின்றது. அந்தப் பாட்டில் பரிசோதனைக்கு உதவாது. அவள் சொல்லவில்லை. நல்ல பாட்டில் ஒன்றை அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் அது நிரம்பியிருந்தது.

அறிக்கை வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் கீழ் வரிசைக்காரர்களுக்கு அவள் ஒரே மருந்துதான் சொன்னாள். "காலையில குடிக்கறதுக்கு முன்னாடி நான் வர்றதா நெனச்சுக்கோங்க. எனக்கு ஓட விடுற மாதிரி உங்களுக்கும் ஓட விடுங்க. அந்த வாளித் தண்ணி தரை துடைக்க, செடிக்கு." பாப்பாவை அதையும் நம்பிக் குடிக்க விடவில்லை. இரும்புக் குழாய் போட்ட மேல் வரிசையில் இருந்த தன் வீட்டிலிருந்து கேன் கேனாக மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். அவன் டூட்டிக்குப் போகும் முன் இரண்டு கையிலும் கேனோடு மேடு இறங்குவான்.

"தண்ணி எப்படி இருக்காம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதிகாரம் பண்ற ருசியா இருக்காம் அக்கா."

அறிக்கை வந்தது. குடிதண்ணீரில் காரீயம் பத்தைத் தாண்டக் கூடாது. மேல் வரிசையில் ஒரு வீடுகூடத் தாண்டவில்லை. கீழ் வரிசையில் இருபத்திரண்டு வீட்டில் பத்தொன்பது தாண்டியிருந்தன. நாலாம் எண் வீடு முப்பத்தொன்று. கணக்கு டீச்சர் வீடு நாற்பது. "நாற்பது மார்க் வாங்கி ஃபெயில் ஆனவ நான் ஒருத்திதான்," என்றார் டீச்சர், சிரிக்கப் பார்த்து.

நாலாம் எண் வீட்டு வாசலில்தான் முதலில் தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் சாம்பல் நிறக் குழாய் தெரிந்தது. குழாய்க்காரர் குழிக்குள் குந்தி, இடுப்புச் சாவியால் அதை ஒரு கீறு கீறினார். சாவி வெண்ணெயில் போவது போல் போனது. கீறின இடம் வெள்ளி மாதிரி மின்னியது. அவர் கீறலைக் கட்டை விரலால் தடவினார்.

"அழகா இருக்குல்ல," என்றார். "வளைக்க வாகா இருக்கும்னு இதைப் போட்டிருக்காங்க. நான் ஒருநாள்கூடக் கீறிப் பார்க்கல. நல்லா இருக்கறதை யார் கீறுவா?"

"நானும்தான் அண்ணே," என்றாள் அவள்.

ஆலை நிர்வாகம் அவளுடைய ஏழாவது கடிதத்துக்கு அசைந்து கொடுத்தது. குழாய்க்காரர் ஆறு வாரம் வேறு வேலைக்கே போகவில்லை. கீழ் வரிசை முழுக்கத் தோண்டி, பழசை இழுத்துப் போட்டு, புதுக் குழாய் பதித்தார். அந்த ஆறு வாரமும் காலையில் கீழ் வரிசையில் அந்த மழைச் சத்தம் கேட்டது. யாராவது அவசரத்தில் நேராக டம்ளரை நீட்டினால் வீட்டுக் குழந்தைகள், "பாட்டில் அக்கா வர்றாங்க!" என்று கத்தும். டம்ளர் தானாகப் பின்வாங்கும்.

புதுக் குழாய் போட்டு, தண்ணீர் இரண்டு தடவை பரிசோதனையில் தேறின பிறகுதான் கேன்கள் நின்றன. எட்டாவது மாதம் பாப்பா மறுபடி ரத்தம் கொடுத்தாள். இந்தத் தடவை சீட்டை எடுத்துக்கொண்டு மேடு ஏறவில்லை. மறுநாள் பாட்டில் நாள். அக்காவே வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

அக்கா இப்போதெல்லாம் ஆறு மணிக்கே வருகிறாள். நாலாம் எண் வீட்டுச் சமையலறையில் குழாய் மூடியிருந்தது. தரை ஈரமில்லை. பாப்பா கொட்டாவி விட்டபடி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். கலைந்த தலையோடு பாட்டிலை நீட்டிக் குழாயைத் திறந்தாள். நிரம்பியதும் மூடிபோட்டு அப்படியே கொடுத்தாள். வெளியெல்லாம் தண்ணீர் வழிந்தது. கண்ணாடியில் அவள் கைரேகை பதிந்திருந்தது.

"இந்தா. தொடைக்கல. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு கேவலமா ஒரு பாட்டில் நான் யாருக்கும் குடுத்ததில்ல."

"ரொம்ப நல்லா இருக்குடி."

அக்கா பாட்டிலை வாங்கிக் கூடையில் வைத்தாள். சீட்டைக் கேட்க வாயெடுத்தாள்; பயமாக இருந்தது. பாப்பா அதைப் பார்த்துவிட்டாள். மேடைமேலிருந்த அந்த அரை லிட்டர் டம்ளரைக் குழாயடியில் பிடித்து நிரப்பினாள். டம்ளருக்கு அடியில் மடித்து வைத்திருந்த சீட்டு ஓரம் நனைந்து கிடந்தது.

அக்கா பிரித்துப் பார்த்தாள். நாலு. வட்டம் எதுவும் இல்லை. மை கொஞ்சம் கரைந்திருந்தது. நாலுதானா என்று இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாலுதான்," என்றாள் பாப்பா. "நான் நர்ஸம்மாவை மூணு தடவை கேட்டேன்."

பிறகு டம்ளரைத் தூக்கினாள். பாதி குடித்தாள். கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மீதியை அக்காவிடம் நீட்டினாள்.

"எச்சில்தான். பரவாயில்லையா?"

அக்கா வாங்கிக் குடித்தாள்.